லெஃப்ட் ஹாஃப் கேட்ட காரணம்

பன்றியைக் கொன்றது ஸேனோ பிர்ஸான்தான். பழியை வேறு யார் தலையிலாவது போட முடியுமா என்று அவனும் இரண்டு நாள் யோசித்துப் பார்த்தான். ஒருவர் தலையும் பொருந்தவில்லை.

நிலக்கரிச் சுரங்க ஊரான ஸ்குராவில் பன்றி வெட்டுவதற்கென்று ஒரு நாள் உண்டு. கிறிஸ்துமஸுக்கு ஐந்து நாள் முன்னால், பனி முழங்காலளவு கிடக்கும்போது, வைக்கோலை மூட்டி மயிரைப் பொசுக்குவார்கள். அந்த இறைச்சிதான் குளிர்காலம் முழுக்கச் சோளக்களிக்குத் துணை. மே மாதத்தில் பன்றி வெட்டுகிறவன் ஒன்று கிறுக்கனாக இருக்க வேண்டும், அல்லது தேசியக் கால்பந்து அணிக்குத் தேர்வானவனாக இருக்க வேண்டும். ஸேனோ தன்னை இரண்டாவது வகையில் வைத்துக்கொண்டான். போதாக்குறைக்கு, பன்றியும் அவனுடையதல்ல. மாமியார் சொஃப்ரோனியாவுடையது.

அவன் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. செவ்வாய்க்கிழமை தலைநகரிலிருந்து சுரங்க அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசி. "பிர்ஸானோட பூட்ஸ் அளவு என்ன?" நாற்பத்திரண்டு என்று சொல்லப்பட்டது. அவ்வளவுதான் பேச்சு. ஆனால் மேலிடத்தில் பூட்ஸ் அளவு கேட்டால் ஆளை எடுத்தாயிற்று என்று அர்த்தம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதாம் வருடம் இரண்டு தடவை கேட்டார்கள், இரண்டு தடவையும் நாட்டுக்காக ஆடினான். அணிக்கு எடுக்கப்பட்டவன் ஊருக்கு விருந்து வைப்பது வழக்கம். வழக்கத்தில், பட்டியல் வெளியான பிறகு வைக்க வேண்டும் என்ற ஒரு சின்ன நுணுக்கம் இருந்தது. அதைத்தான் ஸேனோ தவறவிட்டான்.

வெள்ளிக்கிழமை மாலை விருந்து. இரண்டாம் ஷிஃப்டுக்குப் போகாதவர்கள் அத்தனை பேரும் வந்தார்கள். போக வேண்டியவர்களில் பாதிப் பேரும் வந்தார்கள். அனுமதிச் சீட்டு இல்லாமல் பன்றி வெட்டுவது குற்றம். போலீஸ் சார்ஜென்ட் வந்து இரண்டு தட்டு சாப்பிட்டதில் அந்தக் குற்றம் ஜீரணமாகிவிட்டது. ப்ளம் சாராயம் ஓடியது. ஸேனோ நாற்காலி மேல் ஏறி நின்று, "ஸ்வீடன் போறேன்டா! அங்க ராத்திரியே கிடையாதாம், அதனால என்னால தூங்கிட்டே ஆட முடியாது!" என்று உரை நிகழ்த்தினான்.

சனிக்கிழமை காலை செய்தித்தாள் வந்தது. ஸ்வீடனுக்கு ஆடப் போகிற பதினெட்டுப் பேர். ஸேனோ இல்லை. அவனுடைய இடத்தில் டோரின் சஃப்தா என்று ஒரு பெயர், வயது இருபத்தொன்று.

சொஃப்ரோனியா மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு பதினெட்டுப் பெயரையும் விரல் வைத்துப் படித்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றினாள்.

"மாப்ள, இதுல என் பன்னி பேராவது இருக்கா?"

அடுத்த வாரம் முழுக்க ஸேனோ விளக்கறையைவிட்டு வெளியே தலைகாட்டவில்லை. அரசாங்கக் காகிதத்தில் அவன் சுரங்கத் தொழிலாளி, உண்மையில் விளக்கறைக்காரன். ஷிஃப்டுக்கு இறங்குகிறவர்களுக்கு விளக்கை எண் பார்த்து எடுத்துக் கொடுப்பான், ஏறி வருகிறவர்களிடம் திரும்ப வாங்கி வைப்பான். வாங்கின விளக்கு திரும்பி வராவிட்டால் கீழே ஒரு ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். அதனால் ஸ்குராவில் ஆயிரத்து நூறு ஆண்களின் முகமும் எண்ணும் அவனுக்கு மனப்பாடம். ஞாயிற்றுக்கிழமை சுரங்கக் கால்பந்து அணியின் லெஃப்ட் ஹாஃப், நடுவரிசையில் இடப்பக்கம் ஆடுகிறவன். பதினேழு வயதில் தொடங்கியது, இப்போது முப்பத்தொன்று.

ஜன்னல் வழியாக விளக்கு கொடுக்கும்போது ஒவ்வொருவனும் ஒரு வார்த்தை விட்டுவிட்டுப் போனான்.

"ஸ்வீடன்ல வெயில் எப்படிண்ணே?"

"உன் நம்பர் அறுநூத்திப் பதிமூணு. எடுத்துக்கிட்டு கீழ போ. அங்க பகலே கிடையாது."

அவர்களுக்குப் பதில் சொல்வது கஷ்டமில்லை. தன்னையே கிண்டல் செய்துகொள்வதில் ஸேனோவை முந்த ஸ்குராவில் ஆளில்லை. கஷ்டம் தேர்வுக் குழுவிடமிருந்து வந்த கடிதம்தான். இது மூன்றாவது கடிதம். ஒவ்வொரு தடவை பெயர் விடுபடும்போதும் அவன் காரணம் கேட்டு எழுதுவான். ஒவ்வொரு தடவையும் முத்திரை குத்தின பதில் வரும்.

ஐம்பத்திரண்டில், இடது முட்டி பலவீனம் என்றார்கள். ஸேனோ சுரங்க மருத்துவரிடம் சான்று வாங்கினான். அது போதாதென்று, சுரங்கத்துக்கு முட்டுக் கொடுக்கும் மரம் ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு தேவாலய மணிக்கூண்டின் படியில் பதினைந்து தடவை ஏறி இறங்கினான். மருத்துவர் கீழே நின்று எண்ணினார். எண்ணிக்கையையும் எழுதி அனுப்பினான்.

ஐம்பத்து நாலில், வேகம் குறைந்துவிட்டது என்றார்கள். தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு வரும் சின்ன ரயிலோடு சுரங்க வாசல் வரை ஓடினான், முன்னால் போய்ச் சேர்ந்தான். 'வண்டி முழு வேகத்தில் ஓடியது, நான் பிரேக் பிடிக்கவில்லை' என்று ஓட்டுநர் கையெழுத்திட்டுக் கொடுத்தார். மேட்டில் வண்டி மூச்சு வாங்கியதைப் பற்றி அவர் எதுவும் எழுதவில்லை, நல்ல மனிதர்.

ஐம்பத்தேழில், இந்த வருடக் கடிதத்தில், காரணம் உடல் எடை. 'அண்மையில் நடந்த விருந்துகளை முன்னிட்டு' என்று ஒரு வரி வேறு.

"பாரு ஸவேதா," என்று மனைவியிடம் காட்டினான். "பன்னியத் தின்னது வெள்ளிக்கிழமை. பட்டியல் டைப் அடிச்சது புதன்கிழமை, இதுலயே போட்டிருக்கான். தின்னப்போற பன்னிக்கு முன்கூட்டியே எடை பாத்திருக்கானுங்க."

"அப்ப என்ன பண்ணப்போற?"

"எடை போட்டுப் பாத்துட்டேன். கூட்டுறவுக் கடைத் தராசுல. எழுபத்தி நாலு. ஐம்பதுல எழுபத்தி மூணு. அந்த ஒரு கிலோ உங்கம்மா சொத்து."

ஸவேதா சிரிக்கவில்லை. அடுப்பிலிருந்த களியைக் கிளறிக்கொண்டே, குரலைத் தாழ்த்தி, "உனக்குத் தெரியாதா? உன் தம்பியாலதான்" என்றாள்.

தம்பி கொர்னெல் ஐம்பத்தொன்றாம் வருடம் ஒரு மழைநாளில், நாட்டின் எல்லையான டான்யூப் ஆற்றில் இறங்கி மறுகரையில் ஏறினான். யுகோஸ்லாவியா, அங்கிருந்து வேறெங்கோ. அதற்குப் பிறகு அவன் பெயரை ஸ்குராவில் யாரும் சத்தமாகச் சொன்னதில்லை. மூன்றாம் நாளே சுவரிலிருந்த அவன் படத்தை சொஃப்ரோனியா எடுத்து மாவு டின்னுக்குள் போட்டாள். வருஷத்துக்கு ஒரு தடவை துடைத்துத் திரும்ப உள்ளே வைப்பாள்.

"தம்பியாலன்னு யாரு சொன்னா?" என்றான் ஸேனோ. "நீ சொல்ற. நான் சொல்றேன். கோல்கீப்பர் வாங்கேயோட சித்தி அமெரிக்காவுல ரொட்டிக் கடை வெச்சிருக்கா, அவன் போறான். அப்ப எது நிஜம்? அஞ்சு வருஷமா அவனுங்க எங்கிட்ட முட்டி, வேகம், தொப்பைன்னு சொல்றானுங்க. நானும் மரத்தத் தூக்கிட்டு ஏறினேன், ரயில் கூட ஓடினேன். இப்பல்லாம் ஆட்டத்துல கால் ஒரு தடவை தடுமாறினா, ஒருவேளை அவனுங்க சொல்றது சரிதானோன்னு தோணுது."

"லூசு மாதிரி பேசாத."

"தம்பிதான் காரணம்னா சொல்லட்டும். தலைய நிமித்திக்கிட்டு வீட்ல உக்காந்துக்கறேன். ஆட்டம் போச்சுன்னா அதையாவது சொல்லட்டும், பூட்ஸைக் கழட்டி உங்கம்மாகிட்ட குடுத்துடறேன், பன்னிக்கு ஈடா. ரெண்டுல ஒண்ணு. நான் ஆட்டக்காரனா இல்லையா, அது எனக்குத் தெரிஞ்சாகணும்."

ஸவேதா கிளற மறந்திருந்தாள். களி அடிப்பிடித்துவிட்டது.

இந்தச் சமயம் பார்த்துத்தான் ஸ்குராவுக்கு அந்தச் செய்தி வந்தது. ஸ்வீடன் புறப்படுவதற்கு முன்னால் தேசிய அணி ஒரு பயிற்சி ஆட்டம் ஆட வேண்டும், அதுவும் உழைக்கும் மக்கள் நடுவில். யாரோ ஒருவர் வரைபடத்தில் விரல் வைத்தார். விரல் ஸ்குராவில் விழுந்தது. ஞாயிறு, மாலை மூன்று மணி, சுரங்கத் தொழிலாளர் அணியோடு.

ஸ்குரா மைதானத்தில் புல் கிடையாது. நிலக்கரித் தூளை உருளை போட்டு அமுக்கியிருப்பார்கள். அரைமணி நேரத்தில் பந்து கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். இடைவேளையில் அதைச் சுண்ணாம்பு வாளியில் முக்கி எடுத்து மறுபடி ஆடுவார்கள். வெள்ளைச் சட்டையில் வந்து இறங்கின தேசிய அணியைப் பார்த்ததும் சுரங்கக் கழிவு குவிந்த கசடு மேட்டில் உட்கார்ந்திருந்த கூட்டம், "தம்பிகளா, அம்மாகிட்ட சொல்லிட்டு வந்தீங்களா? துவைக்கப்போறது அவங்கதான்!" என்று வரவேற்றது.

பயிற்சியாளர் எஃப்டிமியே ஜுர்கா ஒரு காலத்தில் தானே ஹாஃப் ஆடினவர். ஐம்பதில் ஸேனோவை அணிக்கு எடுத்தவரும் அவர்தான். இன்று கைகுலுக்கும்போது கண் மட்டும் ஸேனோவின் தோளுக்கு மேலே எதையோ தேடியது. அவருக்குப் பக்கத்தில் பெஞ்சில் ரெயின்கோட் போட்ட ஒரு மனிதர். மழை இல்லை, மேகம்கூட இல்லை. அணி எங்கே போனாலும் அவரும் வருவார். யாரும் அவரை யாருக்கும் அறிமுகப்படுத்த மாட்டார்கள்.

வரிசையில் கடைசியாக நின்ற பையன் காது சிவக்க முன்னால் வந்தான். "அண்ணே, நான் டோரின். செய்தித்தாள்ல வந்த உங்க படத்தை வெட்டி எங்க சமையக்கட்டுல ஒட்டி வெச்சிருந்தோம். இன்னும் இருக்கு."

"புகை பட்டுக் கறுத்திருக்குமே?"

"ஆமாண்ணே."

"அப்ப இப்ப பாத்தா அடையாளம் தெரியும்," என்றான் ஸேனோ. வெறுக்கலாம் என்று ஒரு வாரமாகத் தயாராகி வந்திருந்தான். பையன் அதைக் கெடுத்துவிட்டான்.

ஆட்டம் தொடங்கிப் பத்தாவது நிமிடம் அவர்களுடைய வலது விங் தப்பித்துப் போனான். ஸேனோ பாதி மைதானம் துரத்தி, கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் பந்தைத் தட்டிப் பறித்தான். எழுந்தவன் நேரே பெஞ்சைப் பார்த்துக் கத்தினான்:

"தோழர் ஜுர்கா! வேகம் எப்படி? ரயில் வேணுமா, போதுமா?"

மேட்டில் சிரிப்பு வெடித்தது. ஜுர்கா பூட்ஸ் கயிற்றைக் கட்டினார். அவிழ்ந்திருக்கவில்லை.

அரைமணி நேரம் கழித்து, தன்னைவிட ஒரு தலை உயரமான சென்டர் ஃபார்வர்டுக்கு மேலே எம்பிப் பந்தை முட்டித் தள்ளினான். "எடை! தராசு கொண்டு வரட்டுமா?" ரெயின்கோட் போட்டவர் சிரிக்கவுமில்லை, முகம் சுளிக்கவுமில்லை. சிகரெட் ஒன்றைப் பற்ற வைத்தார்.

இரண்டாம் பாதி. சுண்ணாம்பில் குளித்த பந்து இருபத்தைந்து மீட்டர் தொலைவில் ஸேனோவின் இடது காலுக்கு வந்தது. நிறுத்தவில்லை. அடித்தான். அமெரிக்கச் சித்தியின் அக்கா மகன் வாங்கே பாய்ந்தான். அவன் கீழே விழுமுன் வலை பின்னால் புடைத்து நின்றது.

ஸேனோ ஓடவில்லை, கட்டிப்பிடிக்க வந்தவர்களையும் விலக்கினான். பெஞ்சுக்கு எதிரே போய் நின்று இடது காலை மடக்கி, ஒரு குழந்தையைக் காட்டுவதுபோல இரண்டு கையாலும் ஏந்திக் காட்டினான்.

"முட்டி!"

மேட்டில் யாரோ ஒருவன் அதைப் பிடித்துக்கொண்டான். பிறகு பத்துப் பேர். பிறகு மேடு முழுக்க, கூரை மேலிருந்தவர்கள், மரத்திலிருந்தவர்கள், அத்தனை பேரும் காலால் தரையை உதைத்துக்கொண்டு, "முட்டி! முட்டி! முட்டி!" என்றார்கள். கட்சிச் செயலாளர்கூடக் கூட்டத்தோடு உதைத்துவிட்டு, பிறகு எதற்கு என்று பக்கத்தில் விசாரித்தார். சொஃப்ரோனியா குடையைத் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தாள். பன்றியை அந்த ஒரு நிமிடம் மறந்திருந்தாள்.

முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போதுதான் அது வந்தது. நடுவில் ஒரு தனிப் பந்து. அந்தப் பக்கமிருந்து டோரின், இந்தப் பக்கமிருந்து ஸேனோ. கரித்தூள் மேகமாக எழுந்து நடுவரை மறைத்திருந்தது. பையன் காலை அகலமாக, காப்பு இல்லாமல், இளம் வயசுக்காரர்கள் நீட்டுவதுபோல நீட்டினான். ஸேனோவுக்கு எல்லாம் மெதுவாகத் தெரிந்தது: அந்தக் கணுக்கால், அதற்கு மேல் தன் பூட்ஸின் ஆணி, இன்று சாயங்காலம் புறப்படுகிற ரயில், அதில் காலியாகப் போகிற ஒரு இருக்கை. பதினான்கு வருடத்தில் இவ்வளவு சுலபமான வாய்ப்பு கோல் வாசலில்கூட அவனுக்குக் கிடைத்ததில்லை.

காலை இழுத்துக்கொண்டான். டோரின் பந்தோடு கடந்து போனான், உள்ளே தட்டினான், ஒன்றுக்கு ஒன்று.

சுரங்க அணியின் கோல்கீப்பர் க்ளிகோர் வலையிலிருந்து பந்தை எடுத்து வந்து ஸேனோவின் நெஞ்சில் எறிந்தான். "ஏன்டா காலை எடுத்த? ஜெயிச்ச ஆட்டம்டா!"

"முட்டி வலிச்சுதுடா," என்றான் ஸேனோ.

ஒன்றுக்கு ஒன்றோடு ஆட்டம் முடிந்தது. கைகுலுக்கல், பூங்கொத்து, தொழிற்சங்கத் தலைவரின் பேச்சு எல்லாம் முடிந்து தேசிய அணி, தானும் ஒரு ஷிஃப்ட் இறங்கி வந்ததுபோல் கறுத்த முகத்தோடு பஸ் ஏறியது. ஆறரைக்கு ரயில். ஸ்குராவிலிருந்து ரயில் நிலையத்துக்கு ஒரே பாதை. ஒரு பக்கம் சுரங்கச் சுவர், மறுபக்கம் ஓடை. பாதை நடுவில் ஸேனோ நின்றான். குளிக்கவில்லை, சட்டை மாற்றவில்லை.

ஓட்டுநர் ஹாரன் அடித்தார். ஸேனோ அசையவில்லை. மைதானத்திலிருந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். யாரும் கோஷம் போடவில்லை, கல்லை எடுக்கவில்லை. தங்களுக்கு தினமும் விளக்கு கொடுக்கிறவனுக்குப் பின்னால் சும்மா வந்து நின்றார்கள், அவ்வளவுதான். இருபது பேர், பிறகு இருநூறு பேர். போலீஸ் சார்ஜென்ட் ஓடையில் மீன் இருக்கிறதா என்று ஆராயப் போனார்.

ஜுர்கா இறங்கி வந்தார்.

"ஸேனோ, வழி விடுப்பா. ரயிலுக்கு நேரமாச்சு."

"ஒரு வார்த்தை சொல்லுங்க கோச், உடனே விடுறேன். என்னை எதுக்கு எடுக்கல?"

"கடிதம் வந்துச்சில்ல?"

"மூணு வந்துச்சு. மூணுக்கும் பதில் அனுப்பினேன். மூணுக்கும் இன்னிக்கு நேர்லயும் காட்டினேன். வேற காரணம் இருந்தா குடுங்க, அதையும் தீத்து வெச்சிடறேன்."

"அது வந்து... அணிக்குன்னு ஒரு சமநிலை இருக்கு பாரு..."

"நான் ஏறினா பஸ் ஒரு பக்கமா சாஞ்சிருமா?"

பின்னால் யாரோ சிரித்தான். ஜுர்கா சிரிக்கவில்லை. பஸ் ஜன்னலை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு ஸேனோவின் கறுத்த சட்டையைப் பிடித்து, உதடு அதிகம் அசையாமல் சொன்னார்: "எனக்கு ரெண்டு பொண்ணு இருக்குடா."

ஸேனோ அவர் முகத்தைப் பார்த்தான். ஐம்பதில், முதல் ஆட்டத்துக்கு முன்னால், நடுங்கிக்கொண்டிருந்த தனக்கு இவர்தான் பூட்ஸ் கயிறு கட்டிவிட்டார் என்பது நினைவு வந்தது. இத்தனை நாள் இவரைத்தான் பிடித்து உலுக்க வேண்டுமென்று காத்திருந்தான். இப்போது அந்தக் கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"சரி கோச். நீங்க ஏறுங்க. உங்களக் கேக்கல."

அவரைத் தாண்டிப் போய், ரெயின்கோட் போட்டவர் உட்கார்ந்திருந்த முன் ஜன்னலைத் தட்டினான். கண்ணாடியில் கரி அப்பியது. டோரின் இருக்கையில் பாதி எழுந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"நீங்க இறங்கி வாங்க," என்றான் ஸேனோ. "உங்க பேரு எனக்குத் தெரியாது, தெரியவும் வேணாம். இங்க இருக்குற எல்லாரும் யாருக்காவது பயப்படறோம். கோச் பயப்படறாரு. ஓட்டுநர் பயப்படறாரு. நானுந்தான், காலு நடுங்குது பாருங்க, இத முட்டி பலவீனம்னு எழுதிக்காதீங்க. நீங்க ஒருத்தர்தான் யாருக்கும் பயப்பட வேண்டியதில்ல. அதனால உங்களாலதான் சொல்ல முடியும்."

கூட்டத்திலிருந்து ஸவேதா அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடத் தொடங்கினாள்; பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

ரெயின்கோட் போட்டவர் கதவைத் திறந்து இறங்கினார். நெருக்கத்தில் சாதாரண மனிதர்தான். தூக்கம் போதாத கண், கோட்டின் ஓரமெல்லாம் ஸ்குராவின் தூசி. பின்னால் நின்ற இருநூறு பேரை நிதானமாகப் பார்த்தார். குரலைத் தாழ்த்தவில்லை.

"என்ன தெரியணும்?"

"எனக்கு ஆட்டம் போயிருச்சா?"

"இல்ல. கால்பந்து எனக்குத் தெரியாது, ஆனா இன்னிக்குப் பாத்தது எனக்கே புரிஞ்சுது. மூணு தடவையும் ஜுர்கா எழுதிக் குடுத்த பட்டியல்ல முதல் பேரு உங்களோடது. மூணு தடவையும் அதை அடிச்சது நான். உங்க தம்பி அந்தப் பக்கம் இருக்கான், உங்களை அனுப்பினா நீங்க திரும்பி வரமாட்டீங்க. முட்டியும் எடையும் ஆபீஸ்ல யாரோ எழுதினது. அடுத்த பட்டியல்லயும் உங்க பேரு முதல்ல வரும். அப்பவும் அடிப்பேன்."

ஸேனோ தலையை நிமிர்த்திக்கொண்டு, சொன்னபடியே பாதையை விட்டு ஓரமாக நகர்ந்தான்.